நல்ல ஜாதி மட்டக் குதிரை: விற்பதா, குட்டிக்கு விடுவதா?

குதிரை வைத்துப் பிழைப்பது இந்நாட்டில் ஒரு பெருந்தொழிலாக இருந்த காலம் கழிந்துவிட்டது. ஓசூரிலுள்ள அரசாங்கக் கால்நடைப் பண்ணையே 1824-ஆம் ஆண்டில் படைக்குக் குதிரைகளைத் தயார் செய்யும் பொருட்டு ஏற்பட்டதாகும். நூறு ஆண்டுகளுக்குப் பின் 1924-இல் அது படையினிடமிருந்து சிவில் இலாகாவின் வசம் வந்து, ஆடு மாடுகளின் அபிவிருத்திக்கு உரிய இடமாயிற்று. அக்காலத்தில் நல்ல குட்டி ஒன்று பிறந்தால், அதை வாங்கப் படை இருந்தது. படை கழித்ததை வாங்க ஜட்கா வண்டிக்காரர் இருந்தனர். இப்பொழுது அவ்விருவரும் இல்லை. ஆயினும் குதிரை மீதுள்ள ஆசை கொங்கு நாட்டுக் குடியானவரை விட்டு அகலவில்லை. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் கத்தியவார், மார்வார், நொக்ரா எனப் பல வகைக் குதிரைகள் இன்றும் கைமாறி வருகின்றன. அங்கே நல்ல பெட்டைக் குதிரை ஒன்றைக் கயிற்றில் பிடித்து நிற்பவர் ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி வருத்துகிறது. இதை விற்றுவிடுவதா, அல்லது வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் குட்டிக்கு விடுவதா என்பதே அது.

ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை ஆராய்தல் நலம். காங்கேயம் பக்கத்தில் ஒரு குடியானவரிடம் ஆறு வயதுள்ள கத்தியவார்ப் பெட்டை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்க. தோளுக்கு மேல் முதுகின் உயர்ந்த இடத்தில் அளந்தால் 140 சென்டிமீட்டர், அதாவது பழைய கணக்கில் பதின்மூன்றே முக்கால் கை உயரம். 148 சென்டிமீட்டருக்கு உட்பட்டது மட்டக் குதிரை என்ற வழக்கின்படி இதுவும் மட்டமேயாகும். காதுகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும், நடை சுத்தம், குணமும் சாது. அதன்மீது ஏறிப் பழகிய மகன் வேலைக்காகத் திருப்பூர் சென்றுவிட்டான். தரகர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். வீட்டார்க்கோ விற்க மனமில்லை. "ஏறுவதற்கு ஆளில்லை, சும்மாதானே நிற்கிறது, ஒரு குட்டியாவது போடட்டும்" என்கின்றனர்.

குட்டிக்கு விடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவே மிகச் சாதாரணமானது. இதுவே மிகப் பலவீனமானதும் ஆகும். ஏற ஆளில்லாத வீட்டில் குட்டியைப் பழக்கவும் ஆளிருக்காது. பெட்டையாவது பழகிய மிருகம். ஒரு மாதம் சும்மா நின்றாலும் வித்தை மறவாது. கையில் பழகாமல் மூன்று வயது வரை வளர்ந்த குதிரையோ கயிற்றுக்கு அடங்காது, குளம்பு தூக்கக் கொடாது, லாடம் கட்டுபவரை உதைக்கும். அதன் தாய் எத்தனை உயர்ந்த ஜாதியாயினும் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. வாங்குவோர் குறையக் குறைய அது கை மாறி மாறி, முடிவில் சாலையோரத்தில் அவிழ்த்து விடப்படும் நிலைக்கும் வருவதுண்டு. ஆகவே பெட்டையைப் பார்க்கும் முன் வீட்டைப் பார்க்க வேண்டும். பிறக்கும் குட்டியைத் தினந்தோறும் தொட்டு, கயிறு போட்டு, நடத்திப் பழக்கப்போவது யார் என்பதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாத வீட்டில் குட்டி பிறவாதிருத்தலே நன்று.

அத்தகைய ஆள் ஒருவர் உண்டென்றால், அதன் பிறகே பெட்டையின் தகுதியை ஆராய வேண்டும். நல்ல ஜாதி என்பது வாய்ச்சொல்லால் மட்டும் நிலைபெறுவதன்று. தாய் யார், தகப்பன் யார் என்பதற்கு ஏதேனும் பத்திரம் உண்டா. அதே தாய்க்குப் பிறந்த மற்றக் குட்டிகள் எங்கேனும் வேலை செய்கின்றனவா என விசாரிக்க வேண்டும். கத்தியவாரின் சொந்த நாடு சௌராஷ்டிரம். மார்வார் குதிரையின் நாடு ராஜஸ்தானத்து ஜோத்பூர்ச் சீமை. இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற குதிரை ஜாதிகளில் தமிழ்நாட்டுக்குரியது ஒன்றும் இல்லை. ஆதலால் இங்குள்ளவற்றின் வமிசம் பல கைகள் மாறி வந்த செய்தியாகவே இருக்கிறது. காது வளைவு ஒன்றைக் கொண்டு "அசல்" என்று முடிவு கட்டுவது கூடாது. கலப்புக் குதிரைகளுக்கும் அவ்வளைவு ஓரளவு வந்துவிடும்.

வயதையும் தரகர் வாயால் அறிய வேண்டியதில்லை. குதிரையின் வாயைத் திறந்து பார்த்தே அறியலாம். இரண்டரை வயதில் முன்வரிசையின் நடுப்பற்கள் விழுந்து முளைக்கும், மூன்றரையில் அவற்றை அடுத்தவை, நாலரையில் ஓரத்தவை. ஐந்தாம் வயதில் வாய் நிறைந்துவிடும். நான்கு வயது நிரம்பும் முன் பெட்டையைச் சேர்க்காதிருத்தல் சிறந்தது. பதினைந்துக்கு மேல் சினை பிடிப்பது வரவரக் குறையும். அதிலும் முதற் சினையே அவ்வயதில் என்றால் துன்பம் அதிகம். உதாரணத்திலுள்ள ஆறு வயதுப் பெட்டைக்கு இவ்விஷயத்தில் அவசரமில்லை. இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் வேலை வாங்கிவிட்டுக்கூடக் குட்டிக்கு விடலாம் என்பதை உடையவர் மறத்தலாகாது. "இந்த வருஷமே சேர்க்காவிட்டால் வீணாகிவிடும்" என்று சொல்பவர் பெரும்பாலும் பொலிகுதிரைக்குச் சொந்தக்காரராகவே இருப்பார்.

உடற்குறைகளில் சில, வேலைக்குப் பெருந்தடை அல்ல. ஆனால் குட்டிக்கு இறங்கக்கூடியவை. மேல்வரிசைப் பற்கள் கிளிமூக்குப்போல் கீழ்வரிசையைத் தாண்டி நிற்றல், பின்கால் முட்டிச் சில்லு மாட்டிக்கொண்டு கால் மடங்காது போதல், நின்ற இடத்தில் மரத்தைக் கவ்விக் காற்று விழுங்கும் பழக்கம் ஆகியவற்றில் ஒன்றிருந்தால், அப்பெட்டையைச் சவாரிக்கு வைத்துக்கொள்ளலாம், இனவிருத்திக்கு ஆகாது. மட்டக் குதிரைகளுக்கு உரிய வேறொரு குறையும் உண்டு. சிறிது தின்றாலே கொழுத்து, பிடரியில் கொழுப்பு மேடிட்டு, குளம்பினுள் அழற்சி கண்டு நொண்டுபவை அவற்றில் சில. இக்குணமும் வமிசத்தில் வருவதே. ஒரு காலத்தில் கால் வெட்டுப்பட்டு ஆறிய தழும்போ, வண்டியில் அடிபட்ட கண்ணோ குட்டிக்கு வாராது. இவ்வேற்றுமை தெரியாமல் தழும்புள்ள நல்ல பெட்டையை ஒதுக்கி, பளபளப்பான கிளிமூக்குப் பெட்டையைத் தேர்ந்தெடுப்போர் பலர்.

சுழி விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தியூர்ச் சந்தையில் நெற்றியிலும் கழுத்திலும் உள்ள மயிர்ச் சுழிகளைக் கொண்டு விலை ஏறுவதும் இறங்குவதும் கண்கூடு. சுழி காலின் பலத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. எனினும் வாங்குவோர் அதை நம்புகின்றவரையில் அதுவும் விலையின் ஒரு பகுதியே. சுழிக் குற்றம் சொல்லி மிகக் குறைந்த விலைக்குக் கேட்கப்படும் பெட்டை, மற்றெல்லாவற்றிலும் சிறந்ததாயின், விற்காமல் வைத்துக்கொள்வதற்கு அது ஒரு நியாயமாகும்.

இனிப் பொலிகுதிரை. பெட்டை குட்டையாக இருப்பதால் உயர்ந்த ஆண்குதிரையோடு சேர்த்துக் குட்டியை உயரமாக்கிவிடலாம் என எண்ணுவது பொதுவான தவறு. இதுபற்றி வால்ட்டன், ஹாமண்டு என்னும் அறிஞர் இருவர் கேம்பிரிட்ஜில் நடத்திய சோதனை 1938-இல் வெளியாயிற்று. மிகப் பெரிய ஷயர்க் குதிரைகளையும் மிகச் சிறிய ஷெட்லண்டு மட்டங்களையும் இருபுறமும் மாற்றிக் கருவூட்டிப் பார்த்தனர். தகப்பன் எவ்வளவு பெரிதாயினும், ஷெட்லண்டுத் தாய்க்குப் பிறந்த குட்டி ஷெட்லண்டுக் குட்டியின் அளவாகவே பிறந்தது. ஷயர்த் தாயின் குட்டியோ பெரிதாகப் பிறந்தது. வளர்ந்த பின்னும் இவ்வேற்றுமை முற்றும் மறையவில்லை. தாயின் கருப்பையே குட்டியின் அளவை வரையறுக்கிறது என்பது இதனால் விளங்கும். ஆகவே பெட்டையின் உயரத்தை ஒட்டிய, அதனிடம் குறையுள்ள இடத்தில் நிறைவுள்ள பொலிகுதிரையைத் தேட வேண்டும். அருகில் இருக்கிறது என்பதற்காகவும், கட்டணம் இல்லை என்பதற்காகவும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் பின்னர் நான்கு ஆண்டுகள் தீவனம் போட்டு வருந்துவதற்கு வழியாகும்.

எத்தகைய பொலிகுதிரையாயினும், சேர்க்கும் முன் இரண்டு குதிரைகளின் இரத்தமும் சோதிக்கப்பட வேண்டும். கிளாண்டர்ஸ் என்னும் நோய் மூக்கிலும் தோலிலும் புண்களை உண்டாக்குவது. குதிரையைக் கொல்வதோடு மனிதர்க்கும் தொற்றுவது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி இது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். உறுதிப்பட்ட குதிரையை உயிரோடு வைத்திருக்க இடமில்லை. வெளிமாநிலத்திலிருந்து வரும் குதிரைகள் கூடும் சந்தையில் நின்றுவிட்டு வந்த பொலிகுதிரையைச் சோதனையின்றிச் சேர்ப்பது வீட்டுக்குள் நெருப்பைக் கொண்டுவருவது போலாம்.

அடுத்தது செலவு. விலைவாசி ஆண்டுதோறும் மாறுமாதலால் ரூபாய்க் கணக்கை விடுத்து எடைக்கணக்காகப் பார்த்தலே சரி. குதிரையின் எடையை அறிய எடைமேடை வேண்டியதில்லை. முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்முனை முதல் பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலும் பின் நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 எனின், எடை சுமார் 265 கிலோ. இவ்வெடைக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் நாளொன்றுக்கு 5 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட காய்ந்த தீவனம் வேண்டும். அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். இது சும்மா நிற்கும் பெட்டைக்கு. சினையின் கடைசி மூன்று மாதங்களில் இது கூடும். குட்டி பால் குடிக்கும் முதல் மூன்று மாதங்களில் சக்தி தரும் சத்து ஏறக்குறைய இருமடங்கும், புரதம் அதற்கு மேலும் தேவைப்படும். குட்டி ஆறு மாதத்தில் பால் மறந்தது முதல் மூன்று வயது வரை 900 நாட்கள். நாளுக்குச் சராசரி நாலரை கிலோ என்றால் 4 டன்னுக்கு மேலாகும். அதில் கால் பங்காவது கொள்ளும் தானியமுமாக இருக்க வேண்டும். இவற்றோடு பூச்சி மருந்து, ஊசி, குளம்பு திருத்தும் கூலி ஆகியவை தனி. பெட்டை சினையாகும் நாள் முதல் குட்டி சேணத்துக்கு வரும் நாள் வரை 47 மாதங்கள். மூன்று வயதுக் குதிரை அந்தியூரில் விற்கும் விலையை விசாரித்து, இத்தீவனத்தின் விலையை அதிலிருந்து கழித்துப் பார்த்தால், மீதி உண்டா என்பது தெரிந்துவிடும். குட்டி இறந்து பிறத்தலும், பெட்டை சினை பிடியாமல் ஒரு பருவம் வீணாதலும் இக்கணக்கில் சேரவில்லை.

"எங்களுக்குக் கொறங்காடு இருக்கிறது, தீவனத்துக்குச் செலவில்லை" எனக் காங்கேயம், தாராபுரம் பக்கத்தார் கூறுவர். கிளுவை வேலியும் வெள்வேல் மரமும் கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட அம்மேய்ச்சல் நிலம் மாட்டுக்கு உயிர்நாடி. ஆனால் குதிரையின் வயிறு மாட்டின் வயிறன்று. கொழுக்கட்டைப் புல்லில் ஆக்ஸாலிக் அமிலத்தின் உப்பு மிகுதி. அது புல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் உடலில் சேரவொட்டாமல் தடுக்கிறது. மாட்டின் வயிற்றில் அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதால் மாட்டுக்கு அவ்வளவு தீங்கில்லை. வேறு தீவனமின்றி மாதக்கணக்கில் இப்புல்லிலேயே மேயும் குதிரை, குறைபடும் சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நடை தளரும், பின்னர் முகத்தெலும்பு இருபுறமும் வீங்கும். சினைக் குதிரையும் பால் கொடுக்கும் குதிரையும் வளரும் குட்டியுமே இதில் முதலில் அகப்படுவன. கம்பு நேப்பியர்ப் புல்லுக்கும் இக்குற்றம் உண்டு. அதோடு தவிட்டையும் மிகுதியாகப் போட்டால், தவிட்டிலுள்ள பாஸ்பரஸ் இத்தீமையை இரட்டிக்கும். பரிகாரம் அரிதன்று. குதிரைமசால் என்று அதன் பெயரே சொல்லுகிறபடி அத்தழையைப் பயிரிட்டுத் தினமும் கொடுக்கலாம். கால்நடை வைத்தியர் சொல்லும் அளவில் சுண்ணாம்பு உப்பும் சேர்க்கலாம். ஆனால் குதிரைமசாலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாதவர், குட்டி வேண்டும் என்னும் ஆசையை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது பெட்டைக்குச் செய்யும் நன்மையாகும்.

பசுஞ்சோளப் பயிரில் சினைக் குதிரையை மேயவிடுதல் அறவே கூடாது. அதிலுள்ள நஞ்சினால் பின்கால் தள்ளாடுதலும், சிறுநீர் தானே ஒழுகுதலும், கருச்சிதைவும், மூட்டுகள் மடங்காமற் பிறக்கும் குட்டிகளும் உண்டாகும். நன்றாகக் காய்ந்த தட்டில் அவ்வளவு பயமில்லை.

இத்தனையும் யோசித்துக் குட்டிக்கு விடுவது என்று துணிந்தால், மாசி பங்குனியில் சேர்ப்பது இப்பக்கத்துக்கு ஏற்றது. சினைக்காலம் 11 மாதங்களாதலால் குட்டி அடுத்த தை மாசியில், ஐப்பசி கார்த்திகை மழையால் விளைந்த தீவனம் கையிலிருக்கும்போது பிறக்கும். பெட்டை 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து, ஐந்து முதல் ஏழு நாள் வரை அந்நிலையில் இருக்கும். கருமுட்டை வெளிப்படுவது பருவத்தின் கடைசி நாட்களில். ஆகவே முதல் நாளே சேர்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால் பயனில்லை. சேர்த்த 14 முதல் 16 நாட்களுக்குள் ஸ்கேன் செய்து பார்த்தல் மிக அவசியம். இரட்டைக் கரு குதிரைக்குப் பெருங்கேடு. பெரும்பாலும் பிந்திய மாதங்களில் இரண்டும் சிதைந்துவிடும், சில வேளை தாயும் இறக்கும். இந்நாட்களுக்குள் கண்டுபிடித்தால் வைத்தியர் ஒன்றை நீக்கி மற்றதைக் காப்பாற்றுதல் எளிது.

குட்டி ஈனுவது பெரும்பாலும் இரவில், வெகு விரைவில் நடந்து முடியும். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும். இரண்டு மணியில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரை அழைக்க வேண்டும். மாட்டுக்கு நஞ்சுக்கொடி மறுநாள் விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்ற அனுபவத்தைக் குதிரைக்குப் பொருத்திப் பார்த்து நல்ல பெட்டைகளை இழந்தவர் உண்டு. குட்டிக்கு நோய் எதிர்க்கும் சக்தி கருவில் கிடைப்பதில்லை. சீம்பாலின் வழியாகத்தான் கிடைக்கிறது. அதிலும் முதல் சில மணி நேரத்துக்குள் குடித்ததே முழுப்பயன் தரும். ஈனுவதற்கு ஒரு மாதத்துக்கு முன் பெட்டைக்கு இரணஜன்னி ஊசி போட்டிருந்தால் அப்பாதுகாப்பும் சீம்பாலோடு குட்டிக்குச் செல்லும்.

பெட்டையை வேலையினின்றும் நிறுத்தாமலே குட்டி பெறுவதற்கு இப்போது ஒரு வழி உண்டாகியிருக்கிறது. பிகானீரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி நிலையத்தில் மார்வார்ப் பெட்டை ஒன்றின் கருவை எடுத்து வேறொரு குதிரையின் கருப்பையில் வைத்து வளர்த்தனர். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் 23 கிலோ எடையுள்ள பெண்குட்டி பிறந்தது. அதற்கு ராஜ்-பிரதம் எனப் பெயரிட்டனர். ஆயினும் இது சிறு குடியானவரின் தொழுவத்துக்கு எட்டும் முறையன்று.

விற்பது என்று முடிவு செய்பவரும் சிலவற்றை அறிய வேண்டும். பழகிய பெட்டைக்கு மதிப்பு உச்சத்திலிருப்பது ஆறு முதல் பத்து வயது வரையாகும். கூட்டத்துக்கும் மேளத்துக்கும் மிரளாது நின்றால் கோயில் விசேஷத்துக்கும் ஊர்வலத்துக்கும் கேட்பார்கள். சாதுவானதைச் சவாரிப் பள்ளிக்காரர் கேட்பார்கள். கால் வேகமுள்ளதை ரேக்ளாப் பந்தயக்காரர் கேட்பார்கள். மூவரும் கொடுக்கும் விலை ஒன்றாயிராது. மூவரிடமும் பெட்டை படும்பாடும் ஒன்றாயிராது. தரகர் கையில் கொடுத்துவிட்டால் அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதே தெரியாமற்போகும். ஆதலின் சந்தைக்குக் கொண்டுபோகும் முன்பே நேரே வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவரைத் தேடி, சிறிது குறைந்த விலைக்காயினும் அவரிடம் கொடுத்தல் மேல். விலையைக் கூட்டவேண்டிச் சினைப்படுத்தி விற்பது வழக்கமாக இருக்கிறது. ஸ்கேன் செய்த வைத்தியரின் சான்றும், சேர்த்த தேதியும், பொலிகுதிரையின் விவரமும் எழுத்தில் இருந்தாலன்றி "சினை" என்ற சொல்லுக்கு விவரமறிந்தவர் காசு கொடார். குட்டியோடு விற்பதாயின், குட்டிக்கு நான்கு மாதமேனும் ஆகும் முன் இரண்டையும் வேறு வேறு கையில் பிரித்து விற்றலாகாது.

விற்கவும் மனமின்றி, குட்டியை வளர்க்க ஆளும் தண்ணீரும் இன்றி இருப்பவர்க்கு மற்றொரு வழி, மாட்டுக்கு நெடுங்காலமாக வழங்கி வரும் வார முறையே. ஆளும் தண்ணீரும் தீவனமும் உள்ள ஒருவரிடம் பெட்டையை ஒரு சினைக்கு மட்டும் ஒப்புவித்து, பிறக்கும் குட்டியை அவரே வைத்துக்கொள்ள, பால் மறந்தபின் பெட்டை உடையவரிடம் திரும்பும்படி செய்யலாம். அல்லது குட்டியின் விலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். உதாரணத்திலுள்ள காங்கேயத்துக் குடியானவர்க்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. மகன் திரும்பி வந்தால் ஏறுவதற்குப் பெட்டை இருக்கும். வாராவிட்டாலும் எட்டு வயதில், ஒரு குட்டி ஈன்று தேறிய பெட்டையாக அதை விற்க முடியும். இவ்வேற்பாடு எத்தனை நெருங்கிய உறவினரோடு ஆயினும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் பொலிகுதிரையோடு சேர்ப்பது, முதற்பருவத்தில் சினை பிடியாவிட்டால் எத்தனை மாதம் வைத்திருப்பது, வைத்தியச் செலவு யாருடையது, ஈனும்போது பெட்டை இறந்தால் நஷ்டம் யாரைச் சேர்ந்தது, குட்டி இறந்து பிறந்தால் மறு சினைக்கு உரிமை உண்டா என்பவற்றை அதில் குறித்து, பெட்டையின் நிறம், சுழி, உயரம், பல் வயது ஆகியவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிட்ட பின்பே கயிற்றைக் கைமாற்ற வேண்டும்.